உரிமமா, பரவானாவா?

தாணேயின் தீன் ஹாத் நாக்காவில் மாலை ஏழு மணிக்குச் சிக்னல் சிவப்பாக மாறியபோது அந்த ஆட்டோவின் முன்சக்கரம் வெள்ளைக் கோட்டைத் தாண்டி ஒரு முழம் போய்விட்டது. ஓரத்தில் நின்றிருந்த ஹவில்தார் கையைக் காட்டினார். ஆட்டோ இடதுபக்கம் ஒதுங்கியது. ஹவில்தார் நிதானமாக வந்தார். குனிந்தார். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே கையை உள்ளே விட்டுச் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மராத்தியில் காகிதங்களைக் காட்டச் சொன்னார்.

ஓட்டுநர் இறங்கினார். நாற்பதை நெருங்கும் தமிழர். இறங்கும்போதே தோள்கள் தாமாகக் குறுகின, முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. கடன் கேட்கப் போகிறவனின் சிரிப்பு. "சாஹேப்" என்றார். அன்று அவரிடம் லைசென்ஸ், பேட்ஜ், பதிவுச் சான்று, பர்மிட், இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் இருந்தன. ஒரு பிளாஸ்டிக் உறையில் வரிசையாக, தேதி தப்பாமல். அப்படியிருந்தும் அந்தச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு வருடப் பழக்கம் ஒரு பிளாஸ்டிக் உறையால் போய்விடாது.

அவர் பிறந்தது தாராவியில். தாத்தா தென்காசிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அப்பாவும் அதே வேலையில்தான் இருந்தார், தோல் கிடங்குகள் தாராவியை விட்டுப் போகும்வரை. பையன் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். ஏழாம் வகுப்புக்கான புத்தகப் பையை வாங்கியதாக ஞாபகம் இருக்கிறது. பள்ளிக்குப் போனதாக ஞாபகம் இல்லை. பத்தொன்பது வயதில் மச்சானின் ஆட்டோவில் ராத்திரி நேரங்களில் ஓட்டப் பழகினார். நன்றாகவே பழகினார். மழைக்காலத்தில் கோட்பந்தர் சாலையின் பள்ளங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைத் தண்ணீருக்கு மேலிருந்தே சொல்லிவிடுவார் என்று ஸ்டாண்டில் பெயர்.

2008இல் பேட்ஜ் வாங்கப் போனபோதுதான் தெரிந்தது, எட்டாம் வகுப்பு தேறாதவருக்கு அது கிடையாது. வாடகை வண்டி ஓட்டும் லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் முந்தைய ஆண்டுதான் சேர்த்திருந்தார்கள். சொந்த மோட்டார் சைக்கிள் ஓட்ட இந்தப் படிப்பு வேண்டாம். அந்த லைசென்ஸ் அவரிடம் இருந்தது. சொந்தக் கார் ஓட்டவும் வேண்டாம். கோடீஸ்வரர் ஒருவர் ஒன்றாம் வகுப்பே படிக்காமல் எவ்வளவு பெரிய கார் வேண்டுமானாலும் ஓட்டலாம். ஆட்டோவை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மட்டும்தான் எட்டாம் வகுப்பு.

சாலைப் பலகைகளை வாசிக்கத் தெரிய வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் சாலைக் குறிகளைப் படமாக வரைந்து வைத்திருப்பதே வாசிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்றுதான். அவை புரிகின்றனவா என்று சோதிக்கத்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தேர்வு இருக்கிறது. அந்தத் தேர்வை எழுதும் தகுதிகூட இல்லை என்று வாசலிலேயே ஒருவரைத் திருப்பி அனுப்பும்போது சாலையில் யாருடைய உயிர் காப்பாற்றப்பட்டது என்பது விளங்கவில்லை. ஏஜெண்ட் ஒருவர் எட்டாம் வகுப்புச் சான்றிதழ் 'ஏற்பாடு' செய்வதாகச் சொன்னார். அவர் கேட்ட தொகை அன்று இவரிடம் இல்லை. இருந்திருந்தால் வாங்கியிருப்பேன் என்று இவர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார்.

எனவே மச்சானின் பேட்ஜ். மச்சான் பகலில் ஓட்டினார், இவர் ராத்திரியில். நிறுத்தினால் ஐம்பது ரூபாய், சில இடங்களில் நூறு. இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை, கணக்கு அப்படி. அன்றைய சட்டத்தில் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 500 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. வண்டியையும் பிடித்து வைக்கலாம். வண்டி ஸ்டேஷனில் நின்றால் நாள் வாடகை போகும், மச்சானின் பிழைப்பும் போகும். வாடகை, கேஸ், சாப்பாடு என்று இரவுக் கணக்கு எழுதும்போது நான்காவதாக ஒரு வரி இருந்தது: 'நாக்கா'.

இந்த இடத்தில் சொற்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது. மராத்தியில் லைசென்ஸைப் பேச்சுவழக்கில் பரவானா என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த சொல். அரசர் மனமிரங்கி எழுதிக் கொடுக்கும் ஆணை. ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேரும் அனுமதி என்பதுதான். தமிழில் மட்டும் எந்தப் புண்ணியவானோ அதை 'உரிமம்' ஆக்கிவிட்டார். உரிமை அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பு என்ற அளவில் இது தவறு என்று ஒரு கட்சி கட்டலாம். ஆனால் சட்டம் தமிழின் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அப்படிச் சாய்ந்ததற்குத் தென்காசியும் ஒரு காரணம்.

1952இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பேருந்து வழக்கு வந்தது. தென்காசி சி.எஸ்.எஸ். மோட்டார் சர்வீஸுக்கும் சென்னை மாநிலத்துக்கும் இடையே. சாலை அரசுடையது, அதில் வண்டி விட்டுத் தொழில் செய்வது அரசு தரும் சலுகை என்பது அதுவரை பலமாக இருந்த எண்ணம். நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர் அதை ஏற்கவில்லை. (சட்டத்தைப் போலவே முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளிலும் கரைகண்டவர். 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர்.) பொதுச்சாலைகள் அரசின் பெயரில் இருந்தாலும் அரசு அவற்றைப் பொதுமக்களின் சார்பில் வைத்திருக்கும் தர்மகர்த்தா மட்டுமே என்றார் அவர். மக்கள் அவற்றை உரிமையோடு பயன்படுத்தலாம். மற்றவர்களுக்கும் அதே உரிமை இருப்பதுதான் அந்த உரிமைக்கு எல்லை. பொதுமக்களைக் காக்கத் தேவையான கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம். ஆனால் சாலை எனக்குச் சொந்தம் என்ற காரணத்தைச் சொல்லி ஒருவரின் தொழிலை மறுக்க முடியாது.

கோயில் தர்மகர்த்தா கும்பிட வந்தவரை வரிசையில் நிற்கச் சொல்லலாம், செருப்பைக் கழற்றச் சொல்லலாம். கோயில் என் வீடு என்று கதவைச் சாத்த முடியாது. (சாத்திய தர்மகர்த்தாக்களும் உண்டு, அது வேறு வரலாறு.) இரண்டு ஆண்டுகள் கழித்து, 1954 அக்டோபரில், உத்தரப்பிரதேசத்தில் பேருந்து விட்டுக்கொண்டிருந்தவர்கள் தொடுத்த சகீர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் வெங்கடராம ஐயரின் வார்த்தைகளை எடுத்துக்காட்டி, சட்டத்தின் நிலை இதுதான் என்று ஏற்றுக்கொண்டது. இந்த ஆட்டோ ஓட்டுநரின் தாத்தா பம்பாய்க்கு ரயிலேற வந்தபோது அந்தக் கம்பெனியின் பேருந்தில் ஏறியிருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

சட்டம் உயரத்தில் இருந்தது. நாக்கா தரையில் இருந்தது.

2015 ஜூலையில் ஓர் இரவு. மழை. மாஜிவாடாவைத் தாண்டிக் கோட்பந்தர் சாலையில் காலியாகப் போய்க்கொண்டிருந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பள்ளத்தில் இறங்கி, வழுக்கி, ஆட்டோவின் பின்பக்கம் மோதியது. தவறு இவர் மேல் இல்லை. கண்ணாடியில் பார்த்தார். ஒரு பையன் தண்ணீரில் கிடந்தான், வண்டி அவன் காலின் மேல் கிடந்தது. விபத்தில் காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சம்பந்தப்பட்ட ஓட்டுநரின் கடமை என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு சொல்கிறது. அதைப் படிக்க எட்டாம் வகுப்பு வேண்டாம். எந்த மனிதனுக்கும் தெரிந்ததுதான், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த நொடியில் மனதில் வந்தது பையன் இல்லை, பேட்ஜ். போலீஸ் வரும். யார் ஓட்டியது என்று கேட்கும். மச்சானின் பர்மிட் போகும். ஆக்ஸிலேட்டரைத் திருகினார்.

மறுநாள் ஸ்டாண்டில் விசாரித்தபோது, பின்னால் வந்த காய்கறி டெம்போக்காரர் அந்தப் பையனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகவும், கால் எலும்பு முறிந்ததைத் தவிர வேறு ஆபத்தில்லை என்றும் சொன்னார்கள். இவர் டீயை முழுதாகக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போனார். பல வருடங்கள் மனைவியிடம்கூட இதைச் சொல்லவில்லை. தகுதியில்லாதவர்களிடமிருந்து சாலையைக் காப்பாற்ற வந்த விதி, நல்ல ஓட்டுநர் ஒருவரை அடிபட்ட பையனை விட்டு ஓடுகிறவராக மாற்றியது. இதை அவர் தனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்வதில்லை. "நான் நின்னிருக்கணும்" என்று மட்டும் சொல்கிறார்.

மச்சானின் கதையில் விதி வேறு. அவரிடம் பேட்ஜ் இருந்தது, சொந்தப் பர்மிட் கிடையாது. ஓட்டியது இன்னொருவரின் பர்மிட்டில், மாத வாடகைக்கு. மகாராஷ்டிரத்தில் 1997இல் புதிய ஆட்டோ பர்மிட்டுகளுக்கு விதிக்கப்பட்ட தடை 2017இல்தான் நீங்கியது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் பர்மிட் என்பது வயலைப் போல, வாடகைக்கு விடும் சொத்தாகிவிட்டது. பர்மிட் வைத்திருந்தவர் ஓட்டவில்லை, ஓட்டியவரிடம் பர்மிட் இல்லை. உரிமையைச் சலுகையாக்கினால் அது சந்தைக்கு வந்துவிடும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

காலாவதியான பழைய பர்மிட்டுகளைக் குலுக்கலில் கொடுத்தபோது மச்சானுக்கும் பெயர் வந்தது. ஆனால் போக்குவரத்து அமைச்சராக இருந்த திவாகர் ராவ்தே, மராத்தி தெரிந்தவர்களுக்கே பர்மிட் என்று 2015இல் அறிவித்திருந்தார். 2016 பிப்ரவரியில் அதற்குச் சுற்றறிக்கையும் வந்தது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு மராத்திப் பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மச்சான் மராத்தி பேசினால் சதாராக்காரரா என்று கேட்பார்கள். வாசிக்கும்போது மூன்றாவது வரியில் தடுமாறினார். நாக்கில் இருந்த மொழி கண்ணில் இல்லை.

உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதில் தவறில்லை. சென்னையில் தமிழ் தெரியாத ஆட்டோக்காரரிடம் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த ஆசையின் நியாயம் புரியும். பயணி சொல்வது ஓட்டுநருக்கு விளங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுற்றறிக்கைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2017 மார்ச் 1 அன்று அதை ரத்து செய்தது. வழக்குப் போட்டவர்களில் மீரா பயந்தர் பகுதி ஆட்டோ சங்கத்தினரும் இருந்தார்கள். அதன் பிறகும் அந்தப் பேச்சு அடங்கிவிடவில்லை.

நாக்காவுக்குத் திரும்பலாம். சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸ்காரர் கேட்டாலும் ஓட்டுநர் லைசென்ஸைக் காட்டியாக வேண்டும் என்கிறது 130ஆம் பிரிவு. நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் சரி. காகிதங்கள் அந்த நேரம் கையில் இல்லாவிட்டால்? மத்திய மோட்டார் வாகன விதிகளின் 139ஆம் விதி அவற்றை அனுப்பிவைக்க 15 நாள் அவகாசம் தருகிறது. 2018 முதல் செல்போனில் இருக்கும் மின்னணுப் பிரதியே போதும். லைசென்ஸைப் பறிமுதல் செய்தால் அதற்கு ரசீது தர வேண்டும், அந்த ரசீதே லைசென்ஸாக நிற்கும். பதிவோ பர்மிட்டோ லைசென்ஸோ இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்து வைக்க 207ஆம் பிரிவில் அதிகாரம் உண்டு. வாய் திறப்பதற்கு முன் சாவியை உருவும் அதிகாரம் எந்தப் பிரிவிலும் இல்லை.

ஆனால் சாவிதான் எல்லாம். சாவி போய்விட்டால் ஓட்டுநர் மனுதாரர் ஆகிவிடுகிறார். மாட்டுங்காவில் காரை நிறுத்தும்போது அதே ஹவில்தார் கண்ணாடியை மெல்லத் தட்டுகிறார். கார்க்காரர் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி ஆங்கிலத்தில் என்ன என்கிறார். அங்கே சாவிக்குக் கை போவதில்லை. சட்டப் புத்தகம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். கண்ணாடி இருக்கும் வண்டியில் உரிமம், கண்ணாடி இல்லாத வண்டியில் பரவானா.

ஹவில்தாரின் பக்கமும் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் மும்பை கார் பகுதியில் ஒரு பெட்ரோல் பங்க்கில், லைசென்ஸ் வயது வராத பையன் ஓட்டி வந்த வண்டியை நிறுத்திக் காகிதம் கேட்டார் போக்குவரத்துக் காவலர் விலாஸ் ஷிண்டே. பையன் அண்ணனுக்குப் போன் செய்தான். அண்ணன் வந்தார். தலையில் அடி விழுந்தது. ஆகஸ்ட் 31 அன்று ஷிண்டே இறந்துபோனார். அவர் கேட்டது, ஒரு சமூகம் கேட்கச் சொல்லித் தெருவில் நிறுத்திவைத்த கேள்வி: உனக்கு ஓட்டத் தெரியும் என்பதற்கு என்ன அத்தாட்சி? வெங்கடராம ஐயர் உரிமைக்கு எல்லையாக வைத்தது இதைத்தான். 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களுக்கும் அந்தச் சாலையில் உரிமை இருந்தது. நாள் முழுக்கப் புகையில் நிற்கும் ஒரு மனிதர் கையைத் தூக்கும்போது அவர்களுக்காகவும்தான் தூக்குகிறார். அந்தக் கை அடுத்த நிமிடம் சாவிக்கும் அதற்கடுத்துச் சட்டைப்பைக்கும் போகும்போது, முதலில் தூக்கியது எதற்கு என்பது அவருக்கே மறந்துவிடுகிறது.

2019இல் எட்டாம் வகுப்பு விதியை எடுத்துவிட்டார்கள். படிப்பில்லாத, ஆனால் திறமையுள்ள ஏராளமானவர்கள் வேலை இழக்கிறார்கள் என்று மத்திய அரசு விளக்கம் சொன்னது. நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்களுக்குப் பற்றாக்குறை என்றும் சொன்னது. பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த விதி ஓர் அறிவிப்பில் போயிற்று. அதே ஆண்டு அபராதங்கள் பல மடங்கு ஏறின. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய். தேர்தல் நேரத்தில் இது மக்களுக்குச் சுமை என்று மகாராஷ்டிரத்தில் நிறுத்தி வைத்தவர் அதே ராவ்தே. 2021 டிசம்பரில்தான் இங்கே புதிய அபராதங்கள் வந்தன.

கொரோனா முடக்கம் தளர்ந்ததும் இவர் தாணே ஆர்.டி.ஓ.வில் தேர்வுக்குப் போனார். ஓட்டிக் காட்டச் சொன்னபோது கை நடுங்கியது. பன்னிரண்டு வருடமாக ஓட்டுகிறவருக்கு. இன்ஸ்பெக்டர், புதுசா என்று கேட்டார். ஆமாம் சாஹேப் என்று சொல்லிவிட்டார். பேட்ஜ் வந்த அன்று வாகளே எஸ்டேட் பக்கத்து வீட்டில் மனைவி அதை முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். மச்சான் இனிப்பு வாங்கி வந்தார். அன்றிரவுதான் 2015 மழையைப் பற்றி மனைவியிடம் சொன்னார். மனைவி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பையன் இப்போ நடக்கிறானாங்க?" என்று கேட்டார். இவருக்குத் தெரியவில்லை.

தீன் ஹாத் நாக்காவில் ஹவில்தார் உறையைப் புரட்டினார். ஒவ்வொரு காகிதமும் சரியாக இருந்தது அவருக்குச் சிறிது ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம். சிக்னல் கோட்டைத் தாண்டினாய், ஐந்நூறு ஆகும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பார்த்துக் கொடு" என்றார் இந்தியில். பின்சீட்டில் இருந்த பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நூறு ரூபாயில் முடியும். பன்னிரண்டு வருடங்களாக முடிந்ததைப் போல.

ஓட்டுநர், "பாவ்தி கொடுங்க சாஹேப்" என்றார் மராத்தியில். ரசீது.

ஹவில்தார் நிமிர்ந்து பார்த்தார். சண்டைக்கு வருகிறானா என்று பார்த்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது, அதனால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. கடைசியில் இடுப்பிலிருந்த கையடக்கக் கருவியை எடுத்தார். வண்டி எண், பிரிவு, தொகை. அபராதம் வண்டி எண்ணின் மேல்தான் ஏறும். வண்டி மச்சானின் பெயரில் இருக்கிறது, மச்சானுக்கு எஸ்.எம்.எஸ். போகும். எனவே அங்கேயே கட்டிவிடுவதாக இவர் சொன்னார். ஹவில்தார் பையிலிருந்து சாவியை எடுத்துக் கையில் கொடுக்காமல் சீட்டின் மேல் வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குக் கையைத் தூக்கினார்.

இரவு பதினொன்றரைக்கு வீட்டில் மனைவி கணக்குப் பார்த்தார். வாடகை, கேஸ், சாப்பாடு. ஐந்நூறு ரூபாய் இடித்தது.

"இது எதுக்குங்க?"

"சிவப்பு விழுந்தப்போ கோட்டைத் தாண்டிட்டேன்" என்றார் அவர்.